அம்மா கை காட்டும் பக்கம்

கல்லூரியில் சுகிர்தாவும் கூடப் படித்தவர்களும் சேர்ந்து செய்த செயற்கைக்கோள் ஒரு சாப்பாட்டுத் தூக்கு அளவுதான் இருக்கும். மேலே போன மறுவாரமே அதன் பேச்சு நின்றுவிட்டது. செத்தபடியே சுற்றுகிற அதைக் கண்ணால் பார்க்க முடியாது. ஆனால், "உன்னோடது தெரியுதாடி?" என்று அம்மா ஒருநாள் ஆசையாகக் கேட்டபோது, வானத்தில் நகர்ந்த ஏதோ ஒரு வெளிச்சத்தைப் பார்த்து, "அதோ போகுதும்மா" என்று சொல்லித் தொலைத்தாள். அன்றிலிருந்து அம்மா அக்கம்பக்கத்தாரை எல்லாம் மொட்டைமாடிக்கு அழைத்துவந்து காட்டுகிறாள். இன்று கீழ்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள். "எம் பொண்ணு செஞ்சதுங்க, இப்ப வரும் பாருங்க." செயற்கைக்கோள்களின் பாதையைக் கணித்துக் காட்டும் கைபேசிச் செயலியில் சுகிர்தா அது இருக்கும் இடத்தைப் பார்த்தாள். பூமிக்கு அந்தப் பக்கம், நேர் கீழே போய்க்கொண்டிருந்தது. மேலே வேறெதுவோ மின்னிக்கொண்டு நகர்ந்தது. அவளால் நிமிர முடியவில்லை. "எந்தப் பக்கம்டி பார்க்கிற?" என்று அம்மா காதோடு கேட்டாள். "எனக்கு எங்க கண்ணு தெரியுது? நீ பார்க்கிற பக்கந்தான் எப்பவும் கை காட்டுவேன்." இருட்டில் மகளின் மோவாயைத் தடவிப் பார்த்தாள். அது குனிந்திருந்தது. ஒரு கணம் தயங்கிய அம்மா, வந்தவர்கள் பக்கம் திரும்பி, தரையைக் காட்டினாள். "அதோ, போகுது பாருங்க."