பட்டினி கிடந்த வெள்ளாடு

சடையாண்டிக்கு வயது எழுபத்தாறு. மூன்று வேளையும் கஞ்சிதான், தொட்டுக்கொள்ள ஊறுகாய். அவர் வளர்த்த வெள்ளாட்டுக்கோ காலையில் முருங்கைக்கீரை, மத்தியானம் அகத்தி, சாயங்காலம் கடலைப்புண்ணாக்கு.

"மனுஷன் மெலிஞ்சுக்கிட்டே போறாரு" என்றது ஆடு.

"இந்த வயசுல எனக்கெதுக்கு முட்டைன்னு ஊருக்கெல்லாம் குடுத்துடுறாரு" என்றது கோழி.

மறுநாள் ஆடு பட்டினி கிடந்து, முருங்கைக்கீரையை அவர் பக்கம் தள்ளியது. கோழி அவர் மடியிலேயே முட்டை போட்டது.

சடையாண்டி பதறினார். "ஐயையோ, ஆடு தழையைத் தொடலையே!"

அந்த முட்டையையே நல்லெண்ணெயில் அடித்து, மூங்கில் குழாயில் ஊற்றி ஆட்டுக்குப் புகட்டினார். பிறகு நிம்மதியாகக் கஞ்சி குடிக்க உட்கார்ந்தார்.

"நாளைக்கு நீ பட்டினி கிடந்து பாரேன்" என்றது ஆடு, ஏப்பம் விட்டபடி.

"வேணாம்ப்பா" என்றது கோழி. "அந்தக் கஞ்சியையும் எனக்கு ஊத்திடுவாரு."