வாரண்டி எவ்வளவு காலம்?

விலையுயர்ந்த டிரெட்மில் வாங்குவது வீண்செலவா என்று மாதக்கணக்கில் குழம்பிய மணிவாசகம், ஒருவழியாக மனைவி கோமளவல்லியோடு கடைக்குப் போய், ஒன்றில் ஏறி ஓடிப் பார்த்தார். அவர் மூச்சு வாங்குவதற்குள் இயந்திரம் அவருடைய இதயத்தை எடைபோட்டுவிட்டது.

“இதுக்குப் பத்து வருஷ வாரண்டி சார்,” என்றான் விற்பனையாளன், திரையைப் பார்த்தபடி. “ஆனா உங்களுக்கு ரெண்டு வருஷமே போதும்னு காட்டுது.”

மணிவாசகம் திரையை உற்றுப் பார்த்தார். “என்ன தம்பி சொல்றீங்க?”

“மெஷின் தப்பாச் சொல்லாது சார்.”

அவர் பரிதாபமாக மனைவியைப் பார்த்தார். கோமளவல்லி சற்று யோசித்தாள்.

“அப்ப மீதி எட்டு வருஷத்துக்கு விலையைக் குறைச்சுப் போடுங்க தம்பி.”

கோமளவல்லியும் விற்பனையாளனும் பேரத்தில் இறங்கினார்கள். மணிவாசகம் டிரெட்மில்லை விட்டு இறங்கவில்லை. வேகத்தைக் கூட்டிவிட்டு இன்னும் ஓடினார்.