தர்பூசணியின் மறுபாதி

பழத்தை இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியை நறுக்கித் தட்டில் வைத்திருந்தாள். அப்போது முற்றத்துக் கதவு திறந்தது.

இரண்டு ஆண்கள். ஒருவர் நரைத்தவர். மற்றவன் இளையவன்.

நரைத்தவர் தன் அடையாள அட்டையை எடுத்து நீட்டினார். அவள் அதைப் படிக்கவில்லை. குளிர்காலத்திலிருந்து இவர்களைத்தான் எதிர்பார்த்திருந்தாள்.

"கொபியாஸ்தே!"

சொன்னது மகள். வாய் நிறையப் பழம்.

வந்து சாப்பிடுங்கள் என்று பொருள். சைப்ரசில், சாப்பிட்டுக்கொண்டிருப்பவர் வாசலில் யாரைக் கண்டாலும் இதைச் சொல்வார். தபால்காரரிடம் சொல்வார். சண்டை போட்டுப் பேசாமலிருக்கும் பக்கத்து வீட்டுக்காரரிடமும் சொல்வார். அழைக்கப்பட்டவர் ஒரு வாயாவது எடுத்துக்கொள்ள வேண்டும்.

மகளுக்கு இதை யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. அவள் இங்கே பிறந்தவள். ஏழு வயது.

இளையவனின் கை தானாக நீண்டது. ஒரு துண்டை எடுத்துக் கடித்தான். பிறகுதான் நரைத்தவரைப் பார்த்தான்.

"ஹலூமி இல்லாமலோ?" மகள் கிரேக்கத்தில் கேட்டுச் சிரித்தாள். "நீங்கள் என்ன, லண்டன்காரரோ?"

கோடை விடுமுறைக்கு லண்டனிலிருந்து வரும் உறவினர்களை ஊரில் இப்படித்தான் கேலி செய்வார்கள். இங்கே தர்பூசணியை யாரும் வெறுமனே தின்பதில்லை. உப்புக் கரிக்கும் ஹலூமிப் பாற்கட்டி கூடவே இருக்க வேண்டும்.

இளையவனும் சிரித்துவிட்டான். தட்டிலிருந்து ஒரு ஹலூமித் துண்டையும் எடுத்துக்கொண்டான்.

நரைத்தவர் அவள் பக்கம் வந்து தாழ்ந்த குரலில் பேசினார்.

இந்த வீட்டுக்கார மூதாட்டி தெஸ்பினூ அம்மையார் ஜனவரியில் இறந்துவிட்டார். அவரைப் பார்த்துக்கொள்ளத்தான் அவளுக்கு இங்கே இருக்க அனுமதி இருந்தது. அது முடிந்து மாதங்களாகின்றன. இப்போதே கிளம்ப வேண்டும். காலையில் இலங்கைக்கு விமானம்.

"பிள்ளையும்?"

"பிள்ளையும்தான்."

தன் கிரேக்கம் தவறாக இருந்திருக்குமோ என்று அவளுக்குச் சந்தேகம் வந்தது. சொற்களை மாற்றி மறுபடி கேட்டாள்.

பதில் மாறவில்லை.

மேசைக்கு அந்தப் பக்கம் மகள் விதைகளை மல்லிகைத் தொட்டியை நோக்கித் துப்பினாள். இளையவனும் ஒன்று துப்பினான். அவனுடையது தொட்டியைத் தாண்டிப் போனது.

"உங்கட வாய் பெரிய வாய். அது கணக்கில்லை," என்றாள் மகள்.

நரைத்தவர் திரும்பிப் பார்த்தார். பள்ளிக்கூடத்துக் கிரேக்கம் அல்ல அது. அந்த ஊர்ப் பேச்சு. இழுப்பும் அழுத்தமும் அப்படியே. அவர் வாயிலிருந்து கேள்வி வந்துவிட்டது.

"நீ ஆற்ற பிள்ளை?"

யாருடைய பிள்ளை என்றுதான் தெருவில் எந்தக் குழந்தையைக் கண்டாலும் இங்கே பெரியவர்கள் கேட்பார்கள். பெயர் கேட்பதில்லை. தாய் பிறந்த வன்னியிலும் இதையேதான் கேட்பார்கள். அங்கே இந்தப் பிள்ளையை யாருக்கும் தெரியாது.

"தெஸ்பினூவின்ர," என்றாள் மகள்.

யோசிக்கவே இல்லை.

பெற்றவள் பக்கத்தில் நின்றிருந்தாள். வலித்ததா என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள். இல்லை என்றுதான் தோன்றியது. தன் பெயரைச் சொன்னால் இந்தத் தெருவில் யாருக்குத் தெரியும்?

நரைத்தவர் தரையைப் பார்த்தார். கேட்டிருக்க வேண்டாம்.

எதிர் வீட்டு லூலா குழாயைப் பிடித்துச் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள்.

"லூலா மாமி, கொபியாஸ்தே!"

லூலா நிமிர்ந்தாள். வாசலில் நின்ற காரைப் பார்த்தாள். முற்றத்தில் நின்றவர்களைப் பார்த்தாள். குழாயைத் தரையில் போட்டுவிட்டு உள்ளே போனாள்.

தண்ணீர் தெருவைக் கடந்து இந்தப் பக்கம் ஓடி வந்தது.

"மாமிக்குக் கேக்கேல்லைப் போல," என்றாள் மகள், தமிழில்.

"ஓம் பிள்ளை."

"உடுப்புகளை எடுத்து வையுங்கோ," என்றார் நரைத்தவர். பிறகு மேசையைப் பார்த்தார். ஒரு நாற்காலியை இழுத்தார். "அவசரமில்லை. பிள்ளை சாப்பிட்டு முடிக்கட்டும். பிறகு போவம்."

உட்கார்ந்தார். பழத்தைத் தொடவில்லை.

அவர் சொன்னவற்றில் அது ஒன்றுதான் அவளுக்கு முழுதாக எட்டியது.

பிள்ளை சாப்பிட்டு முடிக்கட்டும்.

அவள் உள்ளே போகவில்லை. மறுபாதியைத் தன் பக்கம் இழுத்தாள். நறுக்கினாள்.

மகள் தின்றாள்.

நறுக்கினாள்.

மகள் தின்றாள். முழங்கை வரை சாறு வழிந்தது. வேறு நாளென்றால் திட்டியிருப்பாள்.

"காணும் அம்மா. வயிறு முட்டிட்டுது."

"இன்னும் ஒண்டு."

"ஏன்?"

"ஒண்டே ஒண்டு, பிள்ளை. அம்மாவுக்காக."

மகள் முகவாயை மேலே தூக்கி, நாக்கால் 'ச்' என்றாள். இந்தத் தீவில் மாட்டேன் என்பதற்கு அவ்வளவுதான். தெஸ்பினூ அம்மையாரும் மருந்து வேண்டாம் என்பதை அப்படித்தான் சொல்வார். அதற்குப் பிறகு எவ்வளவு கெஞ்சினாலும் பயனில்லை.

அவள் கையில் துண்டு இருந்தது. கொடுப்பதற்கு ஆளில்லை.

நரைத்தவர் முழங்கால்களில் கையூன்றினார். எழப்போனார்.

"எனக்கு இன்னும் ஒண்டு தாங்கோ," என்றான் இளையவன்.

அவன் நரைத்தவரைப் பார்க்கவில்லை. அவளையும் பார்க்கவில்லை. கையை மட்டும் நீட்டியிருந்தான்.

அவள் கையிலிருந்த துண்டை மறுபடி பலகையில் வைத்தாள். அதை இரண்டாக நறுக்கினாள். பிறகு நான்காக.