எடைக்கல்லின் சந்தேகம்

பந்தயக் கார்களைச் சோதிக்கும் கொட்டகையில் ஓர் எடைக்கல் இருந்தது. ஒவ்வொரு காரின் பின்னாலும் பலகைபோல் நிற்கும் இறக்கையில் அதைத் தொங்கவிட்டுப் பார்ப்பார்கள். இறக்கை வளைந்தால் அந்தக் கார் ஓடக் கூடாது என்பது விதி.

எடைக்கல்லுக்கு யார்மேலும் நம்பிக்கை கிடையாது. சிவப்புக் காரின் இறக்கைமேல் துளிகூடக் கிடையாது. இங்கே விறைத்து நிற்கிற இறக்கை, வேகமெடுத்ததும் காற்றுக்குக் குனிந்து வழிவிட்டுக் காரை இன்னும் விரைவாக ஓடவைக்கிறது என்று அதே காரின் பின்சக்கரம் வந்து வத்தி வைத்திருந்தது.

"என்கிட்ட நல்லபிள்ளை வேஷம், வெளியே போனா வேற ஆட்டமா?" என்று உறுமியது எடைக்கல்.

"நீங்கதானே தொங்கிப் பார்த்தீங்க? வளைஞ்சேனா அண்ணே?" என்றது இறக்கை.

எடைக்கல் மேலிடத்தில் போட்டுக்கொடுத்தது. விதி மாறியது. எடைக்கல்லின் அடியில் ஓர் இரும்புத் தட்டைப் பற்றவைத்துக் கனத்தைக் கூட்டினார்கள். அடுத்த ஆண்டு இறக்கை நடுவில் தடித்து, ஓரங்களில் சுருண்டு வந்தது. அப்போதும் வளையவில்லை.

"வருஷத்துக்கு ஒரு உருவத்துல வர்றியே, என்ன திருட்டுத்தனம் இது?"

"எல்லாம் விதிப்படிதான் அண்ணே."

சக்கரம் மறுபடி வத்தி வைத்தது. மறுபடி புகார், மறுபடி தட்டு. ஐந்தாம் ஆண்டு எடைக்கல்லைத் தூக்க நான்கு பேர் வேண்டியிருந்தது.

இறக்கை அதை ஏற இறங்கப் பார்த்தது. "என்ன அண்ணே, அடையாளமே தெரியலையே! ஏன் இப்படி ஆயிட்டீங்க?"

"எல்லாம் விதிப்படிதான்" என்று வெடுக்கென்று சொன்னது எடைக்கல்.

சொன்ன பிறகு, இதை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று அதற்கு ஒரு சந்தேகம் வந்தது.