மாமியார் மறுத்த மோதிரம்

இரண்டு தங்கக் கொடிகள் பின்னி ஒரு வைரத்தைத் தாங்கும் நளினியின் டிசைனர் மோதிரத்தை, சித்தூரில் எந்தக் கல்யாணம் வந்தாலும் மாமியார் சந்திரம்மா இரவல் கேட்பாள். நளினி ஏதாவது சாக்குச் சொல்லித் தப்பிப்பாள். ஆனால் பிரசவத்தில் அவள் உயிருக்குப் போராடியபோது இரவு பகலாகப் பக்கத்தில் இருந்தவள் அந்த மாமியார்தான்.

திருமலையில் தரிசனம் முடிந்ததும் நளினி மோதிரத்தைக் கழற்றி நீட்டினாள்.

"இது இனிமே உங்களுதுதான் அத்தே."

சந்திரம்மா கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். "இன்னைக்கி வாணாம்மா. ஊட்டுக்குப் போயி குடு."

நளினிக்கு முகம் சுண்டியது. "கேட்டப்ப குடுக்கலன்னு கோவமா?" என்று மாமியாரின் கையைப் பிடித்து, விரலில் மாட்டியே விட்டாள்.

"அய்யோ, அவசரக்குடுக்க!" என்று சந்திரம்மா தலையில் அடித்துக்கொண்டாள். உண்டியல் அருகே வந்ததும் சங்கிலி, வளையல், தோடு என ஒவ்வொன்றாகக் கழற்றி உள்ளே போட்டாள்.

"என்ன அத்தே இது?"

"நீ பொழச்சா, மலைக்கி வர்றப்ப என் மேல இருக்கற நகையெல்லாம் சாமிக்குன்னு வேண்டிக்கினேன். முன்னாடியே சொல்லக்கூடாதுன்னு வாய மூடிக்கினு இருந்தேன்."

மோதிரம் மட்டும் மிஞ்சியது. பின்னால் கூட்டம் நெருக்கியது.

"போடுங்க அத்தே" என்றாள் நளினி, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

சந்திரம்மா விரலை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இருடி, ரெண்டு நிமிஷம் போட்டுக்கினு இருக்கறேன். சாமி காத்துக்கினு இருக்கட்டும்."