முதல் குழி

மூத்தவளைத் தள்ளுவண்டியில் உட்கார வைத்து, கழுத்துவரை போர்வையைச் சுற்றி, அகுத்து தானே தள்ளிக்கொண்டு வயலுக்கு வந்தாள்.

அகுத்துவின் மகன் ஒடேரா ஓடிவந்து கைப்பிடியைப் பிடிக்கப் பார்த்தான்.

"விடுடா. அவளுக்கு என் கைதான் பழக்கம்."

அது பொய். வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து அமோலோவின் கையை அவள் தொட்டதே இல்லை. ஒரே கணவன், ஒரே வளவு, இரண்டு அடுப்பு. கணவன் போய்ச் சேர்ந்த பிறகும் அடுப்புகள் சேரவில்லை.

ஏரிக்கு மேலே வானம் மறுபடியும் கறுத்துக்கொண்டு வந்தது.

முதல் மழையில் மண் ஊறிக் கிடந்தது. கள்ளி வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு அகுமுவின் மக்காச்சோளம் அதற்குள் இரண்டு விரல் உயரம் எழும்பிவிட்டது. இந்தப் பக்கம் வெறும் குழிகள். விவசாயக் குழு சொல்லிக்கொடுத்தபடி கயிறு பிடித்து வெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு பிடி எரு போட்ட குழிகள். வாயைத் திறந்துகொண்டு கிடந்தன.

குழு கொடுத்த விதை வறட்சியைத் தாங்கும், சீக்கிரம் விளையும். ஆனால் முதல் ஈரத்திலேயே மண்ணுக்குள் போய்விட வேண்டும். அதைத்தான் கூட்டத்துக்குக் கூட்டம் படித்துப் படித்துச் சொன்னார்கள். போன இரண்டு போகமும் கருகிவிட்டன. குதிருக்குள் கையை விட்டால் அடிமண்தான் தட்டுப்படுகிறது. இதுவும் தப்பினால் இந்த வளவில் அடுப்பு எரியாது.

ஆனாலும் மூத்தவள் முதல் விதையைப் போடாமல் வேறு யாரும் போட முடியாது. அவளுக்கு அடுத்தது இளையவள். அப்புறம்தான் மகன், மருமகள். வரிசை மாறினால் அது மாற்றியவளோடு நிற்காது. வீட்டில் உடம்புகள் உருகும். பிறக்கிற பிள்ளை தங்காது. விதை கொடுக்க வந்தவர்கள்கூட அதைக் கேட்டுச் சிரிக்கவில்லை. அவர்கள் வீட்டிலும் அதே வரிசைதான்.

ஒடேராவின் மனைவி அபோண்டி நிறைமாத வயிற்றோடு வரப்பில் நின்றாள். இடுப்பில் விதைச் சுரைக்குடுக்கை தயாராக இருந்தது.

வேலிக்கு அப்பாலிருந்து அகுமு எட்டிப் பார்த்தாள்.

"என்னடி அகுத்து, மூத்தாளச் சந்தையில விக்கப் போறியா? பாத்து, நல்ல விலையாக் கேளு!"

"எவன் வாங்குவான்? வாங்குனவன் சாயங்காலமே திருப்பிக் கொண்டாந்து விட்டுட்டுப் போயிருவான்."

எல்லோரும் சிரித்தார்கள். அகுத்துவும் சிரித்தாள். தன் சிரிப்பு மட்டும் கொஞ்சம் நீண்டுவிட்டதாக அவளுக்குப் பட்டது.

"அமோலோக்கா, உடம்பு தேவலையா? இளையா கஞ்சி கிஞ்சி ஊத்துறாளா?"

அமோலோ நிமிரவில்லை. தலைத்துணி கண்வரைக்கும் இறங்கியிருந்தது.

"கோவமா இருக்கா," என்றாள் அகுத்து. "காலையிலேர்ந்து ஒரு வார்த்தை பேசல."

"உங்கிட்டதானே? அது என்ன புதுசா!"

நாய் வயலுக்குள் வரவில்லை. வேலியோரம் உட்கார்ந்து வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தது.

முதல் குழி வந்தது. அகுத்து மண்டியிட்டாள். எல்லோருக்கும் முதுகைக் காட்டி, வண்டியை மறைத்தாற்போல.

இந்த இடத்தில் ஒவ்வொரு வருடமும் இவளுக்குப் பின்னால் குடுக்கையோடு நின்றிருக்கிறாள். மூத்தவள் வேண்டுமென்றே மெல்லக் குனிவாள், மெல்ல நிமிர்வாள். ஒரே ஒரு வருடமாவது முந்திவிட வேண்டும் என்று அப்போதெல்லாம் மனம் பொருமும். வெளியே சொன்னதில்லை.

போர்வைக்குள்ளிருந்து அமோலோவின் கையை எடுத்தாள். இத்தனை கனமாக இருக்கும் என்று நினைக்கவில்லை. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து உள்ளங்கையில் இரண்டு விதை வைத்தாள். குழிக்கு மேலே கையைக் கவிழ்த்தாள்.

விதை விழவில்லை. ஈரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது.

அகுத்து தன் விரலால் தள்ளிவிட்டாள்.

அகுமு குலவையிட்டாள். அகுத்து தன் பங்குக்கு அடுத்த குழியில் இரண்டு விதை போட்டதும் வளவே வயலுக்குள் இறங்கியது. யார் முந்தி, யார் பிந்தி என்று இனிப் பார்க்க வேண்டியதில்லை. அபோண்டிதான் எல்லோருக்கும் முன்னால் போனாள்.

அகுத்து வண்டியைத் திருப்பி வீட்டுக்குள் கொண்டுவந்து கதவைச் சாத்தினாள். மூத்தவளைத் தூக்கிக் கட்டிலில் கிடத்தினாள். முழங்கால்கள் நீளவில்லை. வண்டியில் மடங்கியிருந்தபடியே மடங்கியிருந்தன. இரண்டு கையாலும் அழுத்திப் பார்த்தாள். அப்போதும் நீளவில்லை.

விடியுமுன் கஞ்சி கொண்டுவந்தபோதே அந்த உடம்பு சில்லிட்டுப் போயிருந்தது.

அந்த நிமிடமே வாசலுக்கு ஓடி ஓலமிட்டிருக்க வேண்டும். ஆனால் ஓலம் கேட்டுவிட்டால் மண்வெட்டிகள் அப்படியே நின்றுவிடும். அடக்கம் முடியும்வரை வளவில் ஒருவரும் மண்ணைத் தொடக் கூடாது. உறவு முழுக்க வந்துசேர்ந்து அடக்கம் நடப்பதற்குள் மழை போய்விடும்.

தகரக் கூரையில் தூறல் விழத் தொடங்கியது.

"அத்தை!" வயலிலிருந்து அபோண்டியின் குரல். "பெரியத்தைகிட்டச் சொல்லுங்க, பாதி முடிஞ்சிருச்சு!"

"சொல்றேன்."

அகுத்து தலைத்துணியை அவிழ்த்து வாயில் திணித்துக்கொண்டு, மீதிப் பாதிக்காகக் காத்திருந்தாள்.

வெளியே அபோண்டி, முதல் விதையைப் போட்டது யார் என்று தெரியாமல், வயிற்றை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, ஒவ்வொரு குழியாகக் குனிந்து போட்டுக்கொண்டே போனாள்.