கேட்டுக்குள் டோட்டோ

பவானிபூர் குடியிருப்பின் செயலாளர் ரங்கநாதன், கேட்டருகே நின்றாலே தான் விரட்டியடிக்கும் டோட்டோ என்ற பேட்டரி ரிக்‌ஷாக்களை அன்று தானே உள்ளே கூப்பிட்டு வரிசையாக நிறுத்தினார்.

"டோட்டோ வந்து நின்னா நம்ம கௌரவம் என்னாகும்னு குதிப்பீங்களே?" என்றாள் மனைவி வசுமதி.

"பேசாம டிரைவருங்களுக்கு டீ போடு."

இந்த மனுஷனுக்கும் இரக்கம் வந்துவிட்டதே என்று அவள் இஞ்சி தட்டிப் போட்டாள்.

பதினோரு மணிக்கு இரண்டு பேர் வந்தார்கள். டிரைவர்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வண்டிகளை மட்டும் எண்ணி, படமெடுத்து, ரங்கநாதனின் கையைக் குலுக்கிவிட்டுப் போனார்கள்.

"சலோ, சலோ! பாஹர்!" என்று பாதி டீயோடு நின்ற டிரைவர்களை விரட்டினார் அவர். பின்தெருவில் பதுங்கியிருந்த குடியிருப்புக்காரர்களின் டீசல் கார்கள் ஒவ்வொன்றாக உள்ளே திரும்பின.

மறுவாரம் கேட்டில், 'டோட்டோ நுழையக் கூடாது' பலகைக்கு மேலே இன்னொன்று பளபளத்தது: 'முழுவதும் மின்சார வாகனங்களுக்கு மாறிய குடியிருப்பு. முதல் பரிசு.'